இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

வேலுமணி கஞ்சன் என்றுதான் டெக்சஸில் எங்கள் பிளானோவில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்கிற பாதிப் பேரும் என் கடைக்கு வருகிறவர்கள்தான். யார் கூடையில் என்ன விழுகிறது, யார் முந்திரிப் பாக்கெட்டை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைக்கிறார்கள், யார் பார்ட்டிக்கு முதல் நாள் மட்டும் பாசுமதி வாங்குகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மளிகைக் கடைக்காரியிடம் ஜம்பம் பலிக்காது. அதனால் அவனைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

என் பெயர் மரகதம். கோவில்பட்டிக்காரி. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ட்ரை கிளீனருக்கும் டோனட் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாள் வேனை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்ட்டுக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வருவார். கல்லாவில் எப்போதும் நான்தான்.

வேலுமணிக்குக் காங்கேயம் பக்கம் ஊர். கோயம்புத்தூரில் படித்துவிட்டு, தொண்ணூற்றைந்தில் எச்-ஒன் விசாவில் வந்தவன். பக்கத்து ரிச்சர்ட்சனில் ஒரு டெலிபோன் கருவிக் கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. மனைவி கலாவதி, இங்கேயே பிறந்த ஒரே பெண் பிரீத்தி. ஆள் ஒல்லி, சட்டை எப்போதும் இஸ்திரி போட்டதாக இருக்கும். பேசும்போது மட்டும் திடீரென்று ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றுவிடுவான். நாம் பொறுமையாக நின்றால் வார்த்தை வரும். நாமே எடுத்துக் கொடுத்தால் முகம் சுண்டிப் போகும். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று, அதற்குள் நான் நிறைய வார்த்தைகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிரீத்தி அப்படியே நேரெதிர். வாய் ஓயாது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் கேட்ட கேள்விக்கு இல்லை, கேட்காத ஐந்தாறு கேள்விக்கும் சேர்த்து வரும். கடைக்குள் வந்ததும் கல்லாப் பக்கம் ஓடி வந்து லாலிபாப் டப்பாவுக்குக் கையை நீட்டுவாள். இடது கையை. உடனே கலாவதி அந்தக் கையைத் தட்டிவிடுவாள். அடி இல்லை, தட்டுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் தட்டுவாள்.

கலாவதியைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவளுடைய அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு அக்கா காபித் தட்டை நீட்டியபோது, பழக்க தோஷத்தில் இடது கை முன்னால் போய்விட்டதாம். வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்களாம். அதற்கப்புறம் அக்காவுக்கு இரண்டாம்தாரமாகத்தான் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசும்போது, அம்மாக்காரி முதலில் கேட்பது குழந்தைக்குக் கை மாறிவிட்டதா என்பதைத்தானாம்.

ஒரு நாள் கலாவதி அப்படித் தட்டியபோது வேலுமணியும் கூட இருந்தான். வெளியில் மழை, கடையில் வேறு யாரும் இல்லை. அவன் அரிசி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, யாரிடம் சொல்கிறான் என்று தெரியாமல் சொல்ல ஆரம்பித்தான். அவனும் பிறவியில் இடது கைக்காரனாம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அவனுடைய அப்பா ஒரு துண்டை எடுத்து அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். சாப்பிடும்போது, எழுதும்போது, விளையாடும்போதுகூட. கோடை விடுமுறை வரைக்கும் கட்டு. அவிழ்த்தபோது கை மாறியிருந்தது. பையன் பழகிவிட்டான் என்று அப்பா தெருவெல்லாம் பெருமையாகச் சொன்னாராம். வார்த்தை முட்ட ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான் என்று வேலுமணி சொன்னான். அதைச் சொல்லும்போதும் முட்டியது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கையைக் கட்டிப் போடுவதற்குப் பிள்ளை என்ன திருடிவிட்டா வந்தது? ஆனால் நான் ஆத்திரப்பட்டு என்ன, அந்த மனுஷர் காங்கேயத்தில் இன்னும் நன்றாகத்தான் இருந்தார்.

துப்பாக்கி விவகாரம் தொண்ணூற்றொன்பது இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. அவனுடைய மேனேஜர் கெவின் என்றொரு டெக்சஸ்காரன். நவம்பர் வந்துவிட்டால் மான் வேட்டை தவிர வேறு பேச்சே கிடையாதாம். டீம் அவுட்டிங் என்று எல்லோரையும் ஒரு சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனான். விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியைத் தொடவே வேட்டை லைசன்ஸ் வேண்டும் என்று விசாரித்து, வேலுமணி அதை முன்னாடியே எடுத்து வைத்திருந்தான். அவன் எதையும் விசாரிக்காமல் செய்கிற ஆள் இல்லை.

மைதானத்தில் அவன் சுட்ட எதுவும் காகிதத்தில்கூடப் படவில்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே மேற்பார்வைக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டி நடுவில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்து விளக்கைப் பார்க்கச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னாள். வலது கண்ணை மூடினால் விளக்கு தெரிந்தது. இடது கண்ணை மூடினால் காணாமல் போயிற்று. உன் கண் இடது கண், நீ இடது தோளில் வைத்துச் சுட வேண்டியவன் என்று சொல்லி, உள்ளே போய் இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டான். பால் வாங்க வந்ததாகச் சொன்னான். பாலை எடுக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கல்லா மேல் விரித்தான். நடு வட்டத்துக்குள் நெருக்கமாக ஓட்டைகள்.

"ஆன்ட்டி, இது அத்தனையும் எடது கைங்க" என்றான். ஓரிடத்திலும் முட்டவில்லை.

பிறகு பிரீத்தியைக் கூட்டிவந்த ஒரு நாள், அதே ஓட்டைப் பரிசோதனையை அவளுக்கும் செய்து காட்டினான். சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்க்கச் சொன்னான். குழந்தை ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, முருகன் போயிட்டார், முருகன் வந்துட்டார் என்று இங்கிலீஷில் கத்தினாள். அவளுக்கும் இடது கண்தான். வேலுமணி சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கலாவதி சிரிக்கவில்லை. சாம்பார்ப் பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு நின்றாள்.

கெவின் அவனை வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தான். கெவினும் அவன் கூட்டாளிகளும் தெற்கே ஒரு பண்ணையை மான் வேட்டைக்கென்றே வருஷக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு வாரக் கடைசிக்கு விருந்தாளியாக வரலாம், செலவு ஒன்றும் இல்லை, துப்பாக்கியை மட்டும் நீ கொண்டு வா, எங்களிடம் இருப்பதெல்லாம் வலது கைக்கானவை என்று சொன்னானாம். வலது கைத் துப்பாக்கியையே இடது தோளில் வைத்தும் சுடலாம், ஒவ்வொரு குண்டுக்கும் கையைக் குறுக்கே கொண்டுபோய்க் குண்டேற்றும் கம்பியை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றும் சொன்னானாம். நானும் அதையே கேட்டேன். இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமே, எதற்கு வீண் செலவு?

"ஆன்ட்டி, நான் பொறந்ததுல இருந்து அப்படித்தானுங்க சமாளிக்கறேன்" என்றான்.

இடது கைத் துப்பாக்கி சாதாரணமாகக் கடையில் கிடைக்காது. வாங்குகிறவர்கள் குறைவு என்பதால் ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டும், விலையும் கூட. இடது கைக்காரன் அதற்கும் அபராதம் கட்ட வேண்டுமா என்று கலாவதி கேட்டாள். வீட்டில் பெரிய சண்டையாம். அவள் சேர்த்துக்கொண்டிருந்தது வீட்டுக்கு முன்பணம். அவன் கேட்டது ஆளே இல்லாத ஊரில் மான் சுட ஒரு துப்பாக்கி. அவள் பக்கம் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? சண்டை முற்றி, அந்த இடது கையால் நீங்கள் இதுவரை என்ன சாதித்துவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவன் ஒரு பந்தயம் கட்டினான். வீட்டுப் பணத்தில் ஒரு காசு தொட மாட்டேன், என் கைச்செலவில் மிச்சம் பிடித்தே வாங்குவேன், அந்தத் துப்பாக்கியால் ஒரே ஒரு மான் அடித்துவிட்டால் நீயும் உன் அம்மாவும் பிரீத்தி கையை விட்டுவிட வேண்டும். அதுவரைக்கும் அவள் கையைத் தட்டக் கூடாது. அடிக்காவிட்டால் உன் இஷ்டம்.

இதை என்னிடம் சொன்னது கலாவதிதான். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து கடையில் அவள் குழந்தை கையைத் தட்டவில்லை. லாலிபாப் டப்பாவுக்குள் இடது கை போகும், அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அப்புறம் நான் அந்த மனுஷன் கூடையைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் மிக்சர் போயிற்று. அவனுக்கு மிக்சர் என்றால் உயிர். பிறகு ஃபில்டர் காபித்தூள் நின்றது. ஆபீஸ் மிஷின் காபியே போதும், அது சும்மா கிடைக்கிறது என்றான். கலாவதிக்கும் குழந்தைக்கும் வாங்குவதில் எதுவும் குறையவில்லை. அவன் சாப்பிடுகிறவை மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஆபீஸ்காரர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதில்லை, தயிர் சாதம்தான் என்று சபரி வந்து சொன்னான். சபரி அவனோடு வேலை பார்க்கிற மதுரைப் பையன். முடியைக்கூட கலாவதியை வெட்டிவிடச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பின்கழுத்தில் படி படியாக இருந்தது. கஞ்சன் என்ற பேர் அப்போதுதான் நன்றாகப் பரவியது. எதற்கென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு வாய் நீளம்தான், ஆனால் எங்கே நீள வேண்டும் என்று தெரியும்.

வாங்குவதிலும் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. வேட்டைக்காலம் முடிந்த ஜனவரியில் எல்லாம் மலிவு விலைக்கு வரும். அப்போது சின்னச் சாமான்களை வாங்கிவிட வேண்டும், பெரியது கடைசியில். அப்படி முதலில் வந்தது ஆரஞ்சு நிறத் தொப்பி. அடுத்தது ஆரஞ்சுச் சட்டை, மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் போடுவது. பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ளும் தோல் வார். அந்த வாரை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நல்ல கனமான தோல், தவிட்டு நிறம், தோளில் படும் இடத்தில் உள்பக்கம் மெத்தென்று ஏதோ வைத்துத் தைத்திருந்தார்கள். எத்தனை நேரம் மாட்டினாலும் தோள் வலிக்காதாம். மாடு இல்லாமல் கயிறு வாங்கியவனைப் பார்த்திருக்கிறேன், துப்பாக்கி இல்லாமல் வார் வாங்கியவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான்.

இரண்டாயிரம் கோடையில் துப்பாக்கிக்கே கை வைத்துவிட்டான். பக்கத்து ஊரான மெக்கின்னியில் ஒரு துப்பாக்கிக் கடையில் லே-அவே போட்டான். அதாவது, கொஞ்சம் முன்பணம் கட்டினால் பொருளை நம் பேர் எழுதி உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். மாதாமாதம் கட்டி முடித்தால்தான் கைக்கு வரும். வழக்கமாக மூன்று நான்கு மாதத்தில் முடிக்கச் சொல்வார்கள். இவனால் அவ்வளவு வேகமாகக் கட்ட முடியாது. கடைக்காரி பார்த்துவிட்டு, உன்னைத் தவிர இதை வாங்க எனக்கு வேறு இடது கைக்காரன் யார் இருக்கிறான் என்று காலத்தை நீட்டிக் கொடுத்தாளாம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மெக்கின்னி போவான். பணத்தைக் கட்டிவிட்டு, துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வருவானாம். அவர் மெக்கின்னியில் ஒரு சின்ன வீடு வைத்திருக்கிறார், மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார் என்று கலாவதி என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாளே என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அபார்ட்மென்ட் சமையலறை மேடையில் சாமி படங்கள். அதற்கு முன்னால் கார் சாவி, லேப்டாப், கலாவதியின் அரிவாள்மனை, பிரீத்தியின் கிரேயான் டப்பா. கடைசியில் ஆரஞ்சுத் தொப்பி, சட்டை, தோல் வார். துப்பாக்கிதான் மெக்கின்னியில் இருக்கிறது, அதன் சொந்தபந்தங்களாவது பூஜையில் இருக்கட்டும் என்று கலாவதியே எடுத்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வாருக்கு வைத்தபோது குங்குமம் கொஞ்சம் கூடுதலாக விழுந்து, துடைத்தும் போகாமல் தோலில் ஊறிவிட்டது. கறை ஆகிவிட்டதே என்று அவள் பதறினாள். இருக்கட்டும், அடையாளத்துக்கு ஆச்சு என்று வேலுமணி சொன்னான்.

தீபாவளிக்குக் கலாவதி சேலை எடுக்கவில்லை. அந்தக் காசை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டாளாம். பந்தயத்தில் எதிராளிக்கே காசு கொடுக்கிறாயே என்று கேட்டேன்.

"அவரு ஜெயிச்சா ஜெயிச்சுட்டுப் போகட்டுங்க ஆன்ட்டி" என்றாள். "எங்கம்மாகிட்டச் சொல்றதுக்கு எனக்கும் ஒரு காரணம் வேணுமில்லைங்களா?"

இரண்டாயிரத்தொன்று நவம்பர் வேட்டைக்குத் துப்பாக்கி கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கில் தப்பே இல்லை. அவன் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் பிறந்ததிலிருந்தே என் கடையில் வாசம் மாறிவிட்டது. டெலிபோன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. வாரா வாரம் வருகிறவர்கள் மாதம் ஒரு முறை வந்தார்கள், அப்புறம் சொல்லிக்கொள்ள மட்டும் வந்தார்கள். பெரிய அரிசி மூட்டை விற்கவில்லை, சின்ன மூட்டை விற்றது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மிச்சமிருந்த பருப்பையும் புளியையும் கொண்டுவந்து, கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள் ஆன்ட்டி என்று வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் காரை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள் என்று பேச்சு. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட ஆள் இல்லாத கோபம் உடம்புக்கு ஆகாது.

வேலுமணியின் முறை ஜூனில் வந்தது. கெவினையும் அதே நாளில்தான் அனுப்பினார்கள். கெவினுக்குப் பண்ணைக் குத்தகை போயிற்று. இவனுக்கு விசா போயிற்று. வேலை இல்லையென்றால் இங்கே இருக்கவும் முடியாது. சபரிக்கும் வேலை போய்விட்டது, அவனுக்காவது கல்யாணம் ஆகவில்லை. வேலுமணி எத்தனையோ இடங்களுக்கு ரெசுமே அனுப்பினான், ஒருத்தனும் திரும்பிப் பேசவில்லை. எல்லாக் கம்பெனியும் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது எவன் சேர்ப்பான்? ஊரில் வேலை கிடைக்கும்வரை காங்கேயத்தில் அப்பா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. அப்பா வீடு என்று கலாவதி சொன்னபோதே எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

காரை விற்றுவிட்டிருந்தான். மெக்கின்னிக்குப் போக வேண்டும், கொண்டுபோய் விட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கல்லாவை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நானே வேனை எடுத்தேன். இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி இருந்ததாம். கட்டியதைத் திருப்பி வாங்கினால்தான் விமான டிக்கெட்டுக்குச் சரியாக இருக்கும். வழியில் இரண்டு பக்கமும் புதுசு புதுசாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், பாதி கட்டி நின்றவையும் இருந்தன.

கடைக்காரி நரைத்த தலை, பெரிய கண்ணாடி. விஷயத்தைக் கேட்டதும் பிடித்தம் எதுவும் செய்யாமல் முழுப் பணத்தையும் எடுத்து வைத்தாள். அவன் பணத்தை எண்ணவில்லை. ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். பளபளப்பெல்லாம் இல்லை. பழைய மேசை நிறத்தில் ஒரு மரக்கட்டை, கறுப்பாக ஒரு குழாய்.

இடது தோளில் வைத்தான். இடது கையால் குண்டேற்றும் கம்பியைத் தூக்கி இழுத்துத் தள்ளினான். எங்கேயும் தடுக்கவில்லை. அத்தனை வருஷமாக எதையும் கொஞ்சம் கோணலாகவே பிடித்துப் பார்த்த மனுஷன், அன்று நேராக நின்றான். சுவரில் மாட்டியிருந்த மான் தலை ஒன்றை வெகுநேரம் குறிபார்த்தான். பிறகு இறக்கி அவளிடம் கொடுத்துவிட்டு, நன்றி, நல்ல துப்பாக்கி, இதை நல்ல ஆளுக்கு விற்றுவிடுங்கள் என்று இங்கிலீஷில் மடமடவென்று சொன்னான். ஒரு வார்த்தைகூட முட்டவில்லை. வேனில் ஏறிய பிறகு பெல்ட் போட மறந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் நினைவுபடுத்தியதும் ச... ச... என்று தொடங்கி, சரிங்க என்று முடிப்பதற்குள் சிக்னலே மாறிவிட்டது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளக் கடைக்கு வந்தார்கள். நல்ல ஆகஸ்ட் வெயில். மூன்று பேரும் சபரியின் காரில் வந்து இறங்கினார்கள். பிரீத்தி அந்த வெயிலில் பெரிய ஸ்வெட்டர் ஒன்று போட்டிருந்தாள். எப்போதும் ஓடி வருகிறவள், அன்று அம்மா பின்னால் நின்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொண்டே, லாலிபாப் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினேன். பழக்கத்தில் அவள் இடது கைப் பக்கமாகத்தான் நீட்டினேன்.

ஸ்வெட்டருக்குள் அந்தத் தோள் துள்ளியது. கை வெளியே வரவில்லை. ஸ்வெட்டரின் இடது கை காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கல்லாவை விட்டு வெளியே வந்து, குனிந்து ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தேன். கை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. தவிட்டு நிறத் தோல் வார். மெத்து வைத்த பக்கம் குழந்தையின் மணிக்கட்டில் படும்படி பார்த்துக் கட்டியிருந்தது. வயிற்றுப் பக்கத்தில் ஊறிப்போன குங்குமக் கறை.

கலாவதியைப் பார்த்தேன். அவளை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். அவள் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது.

"நான் இல்லைங்க ஆன்ட்டி" என்றாள். "பந்தயமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அவுத்து விடுங்கன்னு கால்ல விழுந்துட்டனுங்க. கேக்க மாட்டேங்கறாரு."

வேலுமணி வாசலருகே கூடைகள் அடுக்கிய இடத்தில் நின்றிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். உனக்குப் பைத்தியமா, நீயே கட்டுகிறாயா, உனக்கு நடந்தது மறந்து போயிற்றா என்று கேட்டேன். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள், நான் கவலைப்படவில்லை.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்க போனதும் எங்கப்பா கட்டுவாருங்க" என்றான். "அவரு து... துண்டு போட்டு இறுக்கிக் கட்டுவாரு. தோல் உரியற மாதிரி. நான் கட்டுனா வலிக்காதுங்க ஆன்ட்டி. போறதுக்குள்ள கொஞ்சம் பழகிட்டாள்னா, அவரு தொட மாட்டாரு."

அவன் செய்தது தப்பு என்று தெரியும். அந்த வீட்டில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது இன்றைக்கும் தெரியாது. வேலை இல்லாமல் அப்பன் வீட்டுக்குத் திரும்புகிறவன் அப்பனை எதிர்த்து என்ன பேசுவான்? பேச்சுக்கு முதலில் வார்த்தை வர வேண்டுமே.

லாலிபாப்பை எடுத்து அவள் வலது கையில் வைத்தேன். பிடிக்கத் தெரியாமல் கீழே விட்டாள். இன்னொன்றை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தேன். ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு கண்ணு என்று கலாவதி சொன்னாள். எப்போதும் அம்மா சொல்லி முடிப்பதற்குள் இவள் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பாள்.

"தே..." என்றாள் பிரீத்தி. "தே... தே..."

எடுத்துக் கொடுக்காமல் பொறுமையாக நின்றேன். கலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலுமணி வாசலில் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். வலது கையால் பிடித்திருந்தான். அவன் காதில் விழுந்தது. விழுந்தது என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது. ஆனாலும் அவன் திரும்பி வரவில்லை, வாரை அவிழ்க்கவும் இல்லை.